இருபத்தைந்தாவது ஆட்டம்

காலையில் எழுந்ததும் கொஞ்ச நேரத்துக்கு அவருடைய வலது முழங்கால் அவர் பேச்சைக் கேட்காது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து இரண்டு கையாலும் காலைத் தூக்கித் தரையில் வைப்பார், அடுத்த வீட்டுச் சாமானை இறக்கி வைப்பது மாதிரி. பிறகு சுவரைப் பிடித்து எழுவார். எலும்பும் எலும்பும் உரசும் இடத்தில் ஒரு சூடு கிளம்பி இடுப்பு வரை ஏறும். பல்லைக் கடித்துக்கொண்டு குளியலறை வரை போய்விட்டால் அப்புறம் நாள் முழுக்க நடக்கலாம். மாடிப்படி மட்டும் பக்கவாட்டில்தான்.

"ஏங்க, நண்டு கீழ எறங்குதா, இல்ல டீயை நான் மேல கொண்டு வரவா?" என்று கீழேயிருந்து மனைவி கேட்டாள்.

"நண்டு எறங்குது. வழிய விடு."

கால்பந்தாட்டக்காரர்கள் மத்தியில் அவருக்குப் பெட்டி என்றுதான் பெயர். எந்த ஊருக்குப் போனாலும் பெட்டியை முழுதாகப் பிரிக்க மாட்டார், பிரிப்பதற்குள் அடுத்த ஊர் கூப்பிட்டுவிடும். பதினோரு கிளப், ஆறு நாடு. அப்பா சரக்குக் கிடங்கில் மூட்டை இறக்கியவர். அப்பாவுக்குத் தோள், மகனுக்குக் கால். உடம்பைத் தவிர விற்க அந்தக் குடும்பத்தில் வேறு எதுவும் இருந்ததில்லை. பனி விழும் ஊரில் தரை இரும்பாகக் கிடந்தது, விழுந்தால் முழங்கை தோலோடு போகும். மணல் காற்று அடிக்கும் ஊரில் வெயில் இறங்கும் வரை பந்தைத் தொட முடியாது. ஓர் ஊரில் நான்கு பேருக்கு ஒரே அறை, துணி காயப்போட ஒரே கொடி, ஒருத்தன் ஜட்டியை இன்னொருத்தன் போட்டுக்கொண்டு போனதில் ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லை. 'பின்னால ஆள் வர்றான்' என்று ஆறு மொழியில் கத்தத் தெரியும் அவருக்கு. சம்பளத்தை ஏற்றித் தாருங்கள் என்று கேட்க ஒரு மொழியிலும் தெரியாது.

எட்டாவது கிளப்பில்தான் அது நடந்தது. நன்றாக ஆடிக்கொண்டிருந்தவரைத் திடீரென்று பெஞ்சில் உட்கார வைத்தார்கள். காயமில்லை, காய்ச்சலில்லை, யாரோடும் சண்டையும் இல்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் காலுறையை இழுத்துவிட்டு, பூட்ஸ் கயிற்றை இறுக்கி, ஆட்டம் முடிந்ததும் அதைத் தானே அவிழ்த்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். தன் ஆட்டத்தில்தான் ஏதோ குறை என்று நினைத்து, எல்லோரும் போன பிறகு தனியாக மைதானத்தைச் சுற்றி ஓடினார். சீசன் முடிந்த பிறகு பஸ் டிரைவர்தான் விஷயத்தை உடைத்தார். இன்னும் ஓர் ஆட்டம் ஆடியிருந்தால் ஒப்பந்தம் தானாகவே ஒரு வருஷம் நீண்டிருக்கும், அதனால்தான் உட்கார வைத்தார்கள். கிளப்பில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அவர் மட்டும்தான் தெரியாமல் ஓடியிருக்கிறார்.

ஆடுவதை நிறுத்தியதும் பயிற்சியாளர் படிப்பு படித்து, இரண்டு சின்ன அணிகளைப் பார்த்துக்கொண்டு, இப்போது இந்த அணிக்கு மேனேஜர். வந்து இரண்டு வருஷம் ஆகிறது. மனைவிக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. பிள்ளைகள் இல்லை. இந்த ஊரில்தான் முதன்முறையாக அவள் ஜன்னலுக்கு அளவெடுத்துத் திரைச்சீலை தைத்தாள்.

சீசனின் கடைசி ஆட்டம் சனிக்கிழமை. தோற்றால் அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிடும், சமன் செய்தால் தப்பிக்கலாம். அந்த வாரம் வியாழக்கிழமை முதலாளி கூப்பிட்டனுப்பினார்.

முதலாளிக்கு பிளாஸ்டிக் குழாய்த் தொழிற்சாலை. அவர் அறை இயந்திரங்களுக்கு நேர் மேலே மாடியில் இருந்தது. தரை விடாமல் அதிர்ந்தபடி இருக்கும், மேஜையில் வைத்த டீ தம்ளருக்குள் வளையம் வளையமாக ஓடும். காய்ச்சிய பிளாஸ்டிக் நெடி சட்டையில் ஏறினால் இரண்டு தடவை துவைத்தாலும் போகாது. ஆட்டக்காரர்கள் முதலாளியை முதலாளி என்று சொல்ல மாட்டார்கள். மாடி என்பார்கள். மாடி கோபமா இருக்கு, மாடி சம்பளம் போட்டுடுச்சு.

"உட்காருங்க தம்பி. கால் எப்படி இருக்கு?"

"இருக்கு சார்."

"சனிக்கிழமை ஜெயிச்சிடுவோமா?"

"தோக்காம இருந்தா போதும் சார். அதுக்குத்தான் பாக்குறேன்."

முதலாளி பக்கத்திலிருந்த கிளப் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் தொண்டையைச் செருமினார். "பூட்டு இந்த சீசன்ல இருபத்து நாலு ஆட்டம் ஆடியாச்சு."

பூட்டு அணியின் பின்வரிசை ஆட்டக்காரன், கேப்டன். எதிரணிக்காரனை ஒட்டி நின்றுவிட்டால் சாவி போட்டாலும் திறக்காது என்பதால் அந்தப் பெயர். கெண்டைக்கால் தசை கிழிந்து நான்கு ஆட்டம் வெளியே இருந்துவிட்டு அந்த வாரம்தான் பயிற்சிக்குத் திரும்பியிருந்தான்.

"தெரியும்" என்றார் பெட்டி.

"இருபத்தஞ்சு ஆயிட்டா அவன் ஒப்பந்தம் தானா இன்னொரு வருஷம் நீண்டுடும். பாதி ஆட்டமாவது ஆடினாத்தான் ஒரு ஆட்டம்னு கணக்கு."

பெட்டி தம்ளரை எடுத்தார். வளையம் நின்றது.

"முப்பத்தஞ்சு வயசு" என்றார் முதலாளி. "பழைய லாரி. ஓடுது, நான் இல்லேங்கல. அதுக்காக இன்னொரு வருஷம் கொட்டகையில கட்டிப் போட முடியுமா?"

"அந்த லாரிதான் சார் ரெண்டு வருஷமா நம்ம சரக்கை இழுத்துட்டு வந்திருக்கு."

"வாய் நல்லாத்தான் இருக்கு உங்களுக்கு. இந்தாங்க, நான் ஒண்ணும் கல்நெஞ்சுக்காரன் இல்ல. கடைசி அஞ்சு பத்து நிமிஷம் எறக்கிவிடுங்க. ஜனங்க கை தட்டட்டும், நான் மாலை போட்டு அனுப்புறேன். பாதி ஆட்டம் மட்டும் ஆகக் கூடாது."

"டீமை யார் சார் எழுதுறது?"

"நீங்கதான்."

"அப்ப நான் எழுதிக்கிறேன்."

"எழுதுங்க" என்றார் முதலாளி, சிரித்தபடி. "உங்க ஒப்பந்தமும் என் மேஜையிலதான் இருக்குங்கறத ஞாபகத்துல வெச்சிக்கிட்டு எழுதுங்க."

படியில் பக்கவாட்டாக இறங்கும்போது பெட்டிக்கு வந்தது வெறும் கோபமில்லை. கையில் பிசின் ஒட்டிக்கொண்டது போல ஓர் எரிச்சல். ஏனென்றால் சனிக்கிழமை பூட்டை ஆட வைப்பதில்லை என்று அவர் முன்பே முடிவு செய்திருந்தார்.

அணிக்கு வந்த முதல் நாளே அவர் ஒரு சட்டம் போட்டிருந்தார். சட்டை யாருக்கும் சொந்தமில்லை. காயத்தில் ஒருத்தன் வெளியே போனால், அவன் இடத்தில் இறங்கியவன் ஒழுங்காக ஆடும் வரை சட்டை இறங்கியவனுக்குத்தான். கேப்டனாக இருந்தாலும் காத்திருக்க வேண்டும். பூட்டின் இடத்தில் இறங்கியவன் ஒட்டடை. ஒட்டடைக்குச்சி மாதிரி உயரம், இருபத்து நான்கு வயது, பெரிய கிளப் ஒன்று இந்த சீசனுக்கு மட்டும் இரவலாகக் கொடுத்த ஆட்டக்காரன். நான்கு ஆட்டத்திலும் கேப்டன் பட்டையையும் அவனே கட்டினான், ஒரு தவறு செய்யவில்லை. சட்டப்படி சட்டை அவனுடையது. ஆட்டத்துக்கும் அவன்தான் சரி, எதிரணியின் முன்வரிசைக்காரன் வேகக்காரன், பூட்டின் கெண்டைக்கால் இன்னும் முழுதாக ஆறவில்லை. யோசிக்கவே தேவையில்லாத சுத்தமான முடிவு அது. மாடி வாயைத் திறந்து அதில் கை வைத்துவிட்டது.

வெள்ளிக்கிழமை பயிற்சி முடிந்து எல்லோரும் குளிக்கப் போன பிறகு, மைதானத்தில் வைத்திருந்த பயிற்சிக் கூம்புகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த பெட்டியிடம் பூட்டு வந்தான். அவனும் குனிந்து பொறுக்கினான்.

"நான் ஆடுறேனா கோச்?"

"ஒட்டடை ஆடுறான். சட்டை அவன்கிட்ட இருக்கு."

"அது சரி." பூட்டு கூம்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினான். "இது உங்க வாயிலேருந்து வருதா, மாடியிலேருந்து எறங்கி வருதா?"

"என் வாயிலேருந்துதான்."

"இல்ல, வீட்டுல அவ கேப்பா. எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காதீங்க, எத்தன ஆட்டம் ஆச்சுன்னு எங்க வீட்டுல சின்னதுக்குக்கூடத் தெரியும்."

"உன் காலு எப்படிடா இருக்கு? பொய் சொல்லாம சொல்லு."

"பாதி ஆட்டம் தாங்கும். அதுக்கு மேல சத்தியம் பண்ண மாட்டேன்." நிமிர்ந்து பார்த்தான். "எனக்காக எதுவும் செய்யாதீங்க. பிச்சையா ஒரு வருஷம் வேண்டாம். ஆனா உங்களை எங்கயோ உட்கார வெச்சாங்கன்னு போன வருஷம் பஸ்ல ஒரு கதை சொன்னீங்களே, எல்லாரும் தூங்காம கேட்டோம். அந்தக் கதையை இனிமே சொல்லாதீங்க. அவ்வளவுதான்."

கூம்புகளைப் பெட்டியின் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

வீட்டில் சாப்பிடும்போது மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"நாளைக்கு அந்த ஒட்டடைப் பையன்தான ஆடுறான்?"

"அவன்தான்."

"அப்ப முதலாளி சொன்னதும் நீங்க நெனைச்சதும் ஒண்ணு. சண்டை எங்க இருக்கு?"

"அதான தெரியல."

"எனக்குத் தெரியும்" என்றாள். "சண்டை உங்க மூக்கு நுனியில இருக்கு. நாளைக்குக் கடையிலேருந்து வரும்போது ஒட்டுற டேப் ரெண்டு ரோல் வாங்கிட்டு வரவா? அட்டைப்பெட்டி இருக்கு, டேப்தான் தீர்ந்துபோச்சு."

"நான் ஒண்ணும் செய்யப் போறதில்ல."

"சரி, ஒரு ரோல் வாங்குறேன்."

சனிக்கிழமை ஆட்டக்காரர்களின் பெயரை எழுதி நடுவரிடம் கொடுத்தார். ஒட்டடை முதல் பதினொன்றில், பூட்டு பெஞ்சில். இது தன் முடிவு என்று தனக்குத்தானே ஒரு தடவை சொல்லிக்கொண்டார், சொல்லிக்கொள்ள வேண்டியிருந்ததே பிடிக்கவில்லை.

ஆட்டத்துக்கு முன்னால் முதலாளி உடை மாற்றும் அறைக்கு வந்தார். வழக்கமாக வர மாட்டார். தைல வாசனையில் மூக்கைச் சுளித்து, எல்லோருக்கும் ஆல் த பெஸ்ட் சொன்னார். போகிற போக்கில் பெட்டியின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார். "சொன்னதைக் கேட்டீங்க தம்பி. பொழைக்கத் தெரிஞ்ச ஆளு."

மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் அறையில் அந்த நேரம் யாரும் பேசிக்கொண்டிருக்கவில்லை. கணுக்காலுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்த, கோல் காக்கும் கோலி நிமிர்ந்து பார்த்தான். பூட்டு நிமிரவில்லை. பூட்ஸ் அடியில் மண் இல்லாத இடத்தில் மண் தட்டிக்கொண்டிருந்தான்.

முதலாளியின் கை விழுந்த இடம் முதுகில் சூடாகவே இருந்தது. சொந்தப் புத்தியில் எழுதிய பெயர். இரண்டு தட்டில் அது முதலாளியின் பெயராகிவிட்டது.

முதல் பாதியில் ஒட்டடை ஆடியதை அந்த மைதானத்துக்கு வந்த யாரும் மறக்க மாட்டார்கள். வேகக்காரன் என்று பயந்தார்களே, அவனை ஒட்டடையின் நீளக் கால் மூன்று முறை வழியிலேயே நிறுத்தியது. கோலியைத் தாண்டிப் போன ஒரு பந்தை, கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் வயிற்றால் தடுத்துக் கீழே விழுந்து, விழுந்தபடியே உதைத்து வெளியே தள்ளினான். ஒரு கார்னரில் அவன் தலையில் பட்ட பந்துதான் கோலாகவும் ஆனது. ஒன்றுக்குப் பூஜ்யம். பார்வையாளர் வரிசையில் அவனுடைய பெரிய கிளப்பிலிருந்து ஒருவர் வந்து உட்கார்ந்திருக்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும். அவனைத் திரும்ப எடுத்துக்கொள்வதா, வேறு எங்காவது தள்ளிவிடுவதா என்று பார்க்க வந்தவர்.

இடைவேளையில் எல்லோரும் மூச்சு வாங்கியபடி பெஞ்சில் விழுந்தார்கள். சிரிப்பும் கெட்ட வார்த்தையுமாக அறை களைகட்டியிருந்தது. ஒட்டடையின் தலையில் யாரோ தண்ணீரைக் கொட்டினார்கள்.

பெட்டி கதவருகே நின்றார். முழங்கால் துடித்தது. மைதானத்துக்கு மேலே இருந்த கண்ணாடி அறையில் முதலாளி காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவர் மனக்கண்ணில் தெரிந்தது. பொழைக்கத் தெரிஞ்ச ஆளு.

"ஒட்டடை, நீ உட்காரு" என்றார். "பூட்டு, சட்டையைப் போடு."

தண்ணீர் கொட்டியவன் பாட்டிலைக் கீழே வைத்தான்.

"எனக்கு ஒண்ணும் இல்ல கோச்" என்றான் ஒட்டடை. கையை வயிற்றில் வைத்துக் காட்டினான். "லேசாத்தான் பட்டுது. வலிகூட இல்ல."

"தெரியும்."

"அப்ப ஏன்?"

"உட்காருடா."

பூட்டு எழவில்லை. "கோச், நான் நேத்தே சொன்னேன்."

"நீ சொன்னதைக் கேக்க நான் இங்க இல்ல. போட்டுக்க. முடியாதுன்னா இப்பவே சொல்லு, பூட்ஸைக் கழட்டிட்டுக் கெளம்பு."

பூட்டு எழுந்தான். ஒட்டடையைப் பார்க்காமல் சட்டையை மாட்டினான். ஒட்டடை கேப்டன் பட்டையைக் கையிலிருந்து உருவி, அவனிடம் கொடுக்காமல், இருவருக்கும் நடுவே பெஞ்சில் வைத்தான்.

இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே செயலாளர் மேலேயிருந்து ஓடி வருவார் என்று பெட்டிக்குத் தெரியும். முப்பது வருஷம் இந்தத் தொழிலில் கிடந்தவர், மாடியின் வேகத்தை அளக்கத் தெரியாதா? அதனால் அவர் ஒரு வேலை செய்தார். ஓர் ஆட்டத்தில் இத்தனை பேரைத்தான் மாற்றலாம், வெளியே வந்தவன் திரும்ப இறங்க முடியாது. கைவசம் மிச்சமிருந்த ஆள் மாற்றங்கள் எல்லாவற்றையும், பந்து வெளியே போன அடுத்த நிறுத்தத்திலேயே, ஒரே மூச்சில் செலவழித்தார். களைக்காத ஆட்களை வெளியே இழுத்து, இன்னும் வியர்க்காத ஆட்களை உள்ளே தள்ளினார். துணைப் பயிற்சியாளர் பதறி, "அண்ணே, ஒண்ணையாவது கையில வைங்க" என்று கெஞ்சினார். பெட்டி கேட்கவில்லை.

செயலாளர் கோட்டருகே வந்தபோது அவருக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. "எடுத்துடுங்க! இப்ப எடுத்தா கணக்குல வராது. சார் மேல குதிக்கிறார்."

"யாரை வெச்சு எடுக்கறது? மாத்த ஆள் தீர்ந்துபோச்சு."

"வேணும்னேதான செஞ்சீங்க?"

"ஆமா, வேணும்னேதான் செஞ்சேன். போய்ச் சொல்லுங்க. முதுகுல தட்டுனதுக்கு இதுதான் பதில்னு சொல்லுங்க."

மாற்ற ஆள் இல்லாமல் செய்துவிட்டால் பூட்டை யாரும் வெளியே இழுக்க முடியாது. பூட்டுக்கு ஏதாவது ஆனால் அப்போதும் மாற்ற ஆள் இருக்காது. இந்த இரண்டாவது விஷயம் அவருக்கு அப்போது தோன்றவில்லை. ஆட்டம் முடிய இன்னும் கால்வாசி நேரம் இருக்கும்போது அது நடந்தது. வேகக்காரனைத் துரத்திப் போன பூட்டு, பின்னாலிருந்து யாரோ கல்லெறிந்த மாதிரி கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். வேகக்காரன் தனியாகப் போய் கோலியின் பக்கத்தில் பந்தை உருட்டிவிட்டான். ஒன்றுக்கு ஒன்று.

பூட்டு நொண்டியபடி கோட்டருகே வந்தான். முகம் சாம்பலாக இருந்தது. "போச்சு கோச். பழைய எடத்துலயே."

"வெளிய வந்தா பத்துப் பேரோட ஆடணும். உன் ஆட்டமும் கணக்குல வராது. மேல போய் நில்லு. எதிராளி கோல் பக்கத்துல போய் சும்மா நில்லு. ஓடாத. நீ நின்னாலே உன்னைக் காவல் காக்க ஒருத்தன் நிப்பான்."

"நிக்கவே முடியல."

"நிக்க முடியாம நான் எத்தன வருஷம் நின்னேன் தெரியுமா? போடா!"

பூட்டு போனான். ஒரு காலில் எடையைப் போட்டு, எதிராளியின் எல்லையில் கொக்கு மாதிரி நின்றான். மற்றவர்கள் எல்லோரும் பின்னால் குவிந்தார்கள். பந்தை வாங்கி ஆட நேரமில்லை, வந்த பந்தை எல்லாம் எங்கே போனாலும் சரி என்று அடித்து விரட்டினார்கள். நடுவரிசையில் ஆடும் குட்டையான ஒருத்தன் பின்வரிசைக்கு வந்து, தன்னைவிட இரண்டு தலை உயரமானவர்களோடு எகிறி எகிறித் தலையால் முட்டினான், புருவம் கிழிந்து ரத்தம் வழிந்தது. பெஞ்சில் ஒட்டடை துண்டைத் தலையில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு தடவை பந்து பின்வரிசைக்கு வந்தபோதும் அவனுடைய நீளக் கால் உட்கார்ந்த இடத்திலேயே உதைத்துக்கொண்டது.

விசில் ஊதினார்கள். ஒன்றுக்கு ஒன்று. அணி தப்பித்தது. பூட்டின் இருபத்தைந்தாவது ஆட்டம் முடிந்தது. அவன் நின்ற இடத்திலேயே உட்கார்ந்து, முகத்தைப் புல்லில் வைத்துக்கொண்டான். அழுகிறானா என்று பெட்டி போய்ப் பார்க்கவில்லை.

நடைபாதையில் முதலாளியே வந்துவிட்டார். செயலாளர் பின்னால் நின்றார்.

"நான் போட்ட சோத்தைத் தின்னுட்டு என் மேலயே துப்புறியா?" மரியாதை மாடியிலேயே தங்கிவிட்டது.

"என் காலால சம்பாதிச்ச சோறு சார் அது. உங்க குழாயில ஒழுகினது இல்ல."

"டீம் கீழ போயிருந்தா?"

"போகலையே."

"போயிருந்தா என்னடா பண்ணியிருப்ப?"

பெட்டி தலையைக் குனியவில்லை.

"திங்கட்கிழமை வராத" என்றார் முதலாளி. "கிளப் வீட்டுச் சாவியை இந்த மாசக் கடைசியில குடுத்துடணும்."

"சரி சார். பூட்டோட வருஷத்துல மட்டும் கை வைக்காதீங்க. வெச்சா, அன்னிக்கு மாடியில என்ன பேசினீங்கன்னு பேப்பர்காரன் கேப்பான். நான் சொல்லுவேன்."

முதலாளி திரும்பி நடந்தார். செயலாளர் போகும்போது, "சும்மா இருந்திருக்கலாம்ல?" என்று மட்டும் கேட்டார். கேலியில்லாமல்தான் கேட்டார்.

ஒட்டடை உடை மாற்றும் அறையில் தனியாக இருந்தான். மற்றவர்கள் பூட்டைத் தூக்கிக்கொண்டு மருத்துவ அறைக்குப் போயிருந்தார்கள். தரையில் கிழிந்த துணிப்பட்டையும் பாதி குடித்த தண்ணீர் பாட்டில்களும் கிடந்தன. பெட்டி எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்து வலது காலை நீட்டினார்.

"என்னைப் பாக்க வந்தவர் போயிட்டார்" என்றான் ஒட்டடை. "எடைவேளை முடிஞ்சு நான் வெளிய வரலைன்னதும் கெளம்பிட்டாராம். காயமான்னு கேட்டாராம். இல்லைன்னு யாரோ சொல்லியிருக்காங்க. காயமில்லாதவனை ஏன் எடுத்தாங்க, உள்ள ஏதாவது தகராறு பண்ணிட்டானான்னு கேட்டாராம்."

"நான் அவர்கிட்ட பேசுறேன்."

"வேலை போன மேனேஜர் பேசினா நல்லா எடுபடும்." விஷயம் அதற்குள் பரவியிருந்தது. "நான் என்ன தப்பு செஞ்சேன் கோச்?"

"ஒண்ணும் செய்யல. இந்த வருஷம் இந்த கிளப்புல எவன் ஆடுனதுலயும் நல்ல பாதி அதுதான்."

"அப்ப?"

பெட்டி சொன்னார். குழாய்த் தொழிற்சாலை மாடி, இருபத்தைந்தாவது ஆட்டம், முதுகில் விழுந்த கை, எட்டாவது கிளப். எதையும் மறைக்கவில்லை, எதையும் இனிப்புத் தடவியும் சொல்லவில்லை. ஒட்டடை காலுறையைக் கழற்றியபடியே கேட்டான்.

"பூட்டு அண்ணனுக்கு ஒரு வருஷம் கெடைச்சதுல எனக்குச் சந்தோஷம்தான்" என்றான். "ரெண்டு புள்ளைங்க. ஆனா ஒண்ணு கேக்குறேன். எடது ஓரத்துல ஆடுனவன் முதல் பாதியிலயே தடுமாறிட்டு இருந்தான். அவனை எடுத்துட்டு, அண்ணனை நடுவுல விட்டு, என்னை ஓரத்துக்குத் தள்ளியிருந்தா ரெண்டு பேருமே ஆடியிருக்கலாமே. நான் ஓரத்துலயும் ஆடுவேன். உங்களுக்குத் தெரியும்."

பதினோரு கிளப், ஆறு நாடு, முப்பது வருஷம். ஒரு சின்னப் பள்ளிக்கூட அணியின் வாத்தியாருக்குக்கூடத் தோன்றியிருக்க வேண்டிய மாற்றம் அது. கதவருகே நின்ற அந்த நிமிஷத்தில் அவருக்கு மைதானம் தெரியவில்லை. கண்ணாடி அறை மட்டும்தான் தெரிந்தது.

"தோணல" என்றார்.

"தோணலையா?"

"தோணல. மாடி போடாதேன்னு சொன்ன ஆளைப் போடணும், மாடி தட்டிக் குடுத்த பேரை வெட்டணும். அதுக்கு மேல புத்தி போகல."

ஒட்டடை சிரித்தான். அதில் ஈரமில்லை. "உங்களை எவனோ ஒருத்தன் உட்கார வெச்சான். அதுக்கு நீங்க என்னை உட்கார வெச்சீங்க. கணக்கு சரியாப் போச்சா கோச்?"

"போகல."

"நாளைக்கே இன்னொரு மாடி இப்படிச் சொன்னா?"

"நாளைக்கும் பூட்டை எறக்குவேன். எவன் மேஜையில என் ஒப்பந்தம் இருந்தாலும் எறக்குவேன். அதுல எனக்கு வருத்தம் இல்ல, மன்னிப்பும் கேக்க மாட்டேன்." சுவரைப் பிடித்து எழுந்தார். முழங்காலில் சூடு ஏறியது, நின்று விழுங்கினார். "ஆனா உன்னை எடுத்தது தப்பு. அது மாடி தப்பு இல்ல. என் தப்பு."

ஒட்டடை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவு வரை போனான். அங்கே திரும்பினான். "சொல்லிட்டீங்க. வெச்சிக்கிட்டு நான் என்ன பண்றது?"

அவன் போன பிறகும் பெட்டி நின்றுகொண்டிருந்தார். அடுத்த அணி கிடைக்கும், எப்போதும் கிடைத்திருக்கிறது, ஏதாவது ஓர் ஊரில் எவனாவது ஒருத்தன் மேனேஜரைத் துரத்திவிட்டு பெட்டியைக் கூப்பிடுவான். அந்த அணியில் ஒட்டடை இருக்க மாட்டான். அவனைப் பார்க்க வந்தவரும் இன்னொரு தடவை காரை எடுத்துக்கொண்டு வர மாட்டார். ஒட்டடைக்கு அவர் பாதி ஆட்டம் கடன்பட்டிருக்கிறார்.